அடுப்படிக்குக் கீழ போற கொழாய்

வாங்கம்மிணி, வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், அப்படியே உள்ள வாங்க. அடுப்படிக்குள்ள மட்டும் பாத்துக் கால வெய்யுங்க. அந்த மூலைல ஒரு கல்லப் பேத்து வெச்சிருக்கேன், தடுக்கிரும். போன மாசம் வந்த ஓவர்சியர் அதுல தடுக்கித்தான் உழுந்தாரு. எந்திரிச்சு பேண்ட்டத் தட்டீட்டு நேரா வெளிய போனவருதான்.

நகராட்சில இருந்துதான வாறீங்க? தோள்ல கெடக்கற பையப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க. பைக்குள்ள இருக்கற காயிதமும் எனக்குத் தெரியும். 'பின்வீட்டு ஆறுச்சாமியின் கழிவுநீர்க் குழாயை எனது இணைப்பிலிருந்து பிரித்துத் தனி இணைப்பு வழங்க எனக்கு ஆட்சேபணை இல்லை.' அதுக்குக் கீழ நாச்சிமுத்துன்னு நான் கையெழுத்துப் போடோணும். அதானுங்க? மின்ன ரெண்டு பேரு இதே காயிதத்தக் கொண்டாந்தாங்க. ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுத்தேன். கையெழுத்துப் போடுல. உங்களுக்கும் டீ உண்டு. உக்காருங்க. அந்த ஸ்டூலு வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க.

அவசரமெல்லாம் படாதீங்க. நீங்க புதுசு. விசயத்த மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

இந்த ஊடு எங்கொப்பன் கட்டுனதுங்க. முன்தெருவுல இருந்து பின்சந்து வரைக்கும் ரயிலு வண்டியாட்டம் நீளமாக் கெடந்த ஊடு. ஆறுச்சாமி எனக்குக் கூடப் பொறந்த தம்பி. ரெண்டே பேருதான் நாங்க. இருவத்தியொரு வருசத்துக்கு மின்ன பாகம் பிரிச்சப்ப முன்பாதி எனக்கு, பின்பாதி அவனுக்கு. நடுவுல குறுக்க ஒரு செவுரு. அதா, அடுப்புக்குப் பின்னால தெரியுதே, அதே செவுருதான். பாத்ரூமு, கக்கூசு எல்லாம் அவம் பாதில போச்சு. நான் எனக்குன்னு புதுசா இந்தப் பக்கம் ஒண்ணு கட்டிக்கிட்டேன்.

பத்திரம் எழுதறவரு எல்லாத்தையும் எழுதுனாருங்க. கெணறு பொது, தென்னை மரம் எனக்கு, தொவைக்கிற கல்லு அவனுக்கு. மண்ணுக்கு மேல இருந்ததப் பூராவும் எழுதுனாரு. மண்ணுக்கு அடியில ஒரு கொழாய் போகுதே, அத எழுதுல. யாருக்கும் அப்ப நெனப்பு வருல.

அந்தக் கொழாய் அவன் பாத்ரூமுல ஆரம்பிச்சு, இந்தச் செவுத்துக்கு அடியில பூந்து, என்ற அடுப்படியத் தாண்டி, அப்ப முன்வாசல் தொட்டில வந்து உழுகும். எங்கொப்பன் நூல்மில்லுல வேலைங்க. மில்லுல பழைய கொழாயெல்லாம் கழிச்சுப் போட்டப்ப, ஏலத்துல எடுத்து மாட்டு வண்டில கொண்டாந்து போட்டது. அத்தனையும் வார்ப்பிரும்பு. ஒரு கொழாயத் தூக்க நாலு ஆளு வேணும். இப்ப நீங்க போடறீங்களே பிவிசி, அது கொழாயாங்க? ஊமைக் கொழாய். தட்டுனாச் சத்தம் வருமா?

பன்னெண்டு வருசத்துக்கு மின்ன முன்தெருவுல பாதாள சாக்கடை வந்துது. அப்ப நம்ம நகராட்சிக்காரங்க வாசத் தொட்டியத் தூத்துப்புட்டு, கொழாய நேராத் தெரு லைனோட சேத்து உட்டுட்டாங்க. இணைப்பு ஒண்ணு, பேரு எம் பேரு, கழிவுநீர் ரசீதும் என்ற பேருக்குத்தான் வரும். அவம் பங்க ஒரு கவர்ல போட்டு ஆறு மாசத்துக்கு ஒருக்கா நம்ம கேட்டுல சொருகீட்டுப் போயிருவாங்க. கவர் மேல ஒரு எழுத்து எழுதியிருக்காது. அண்ணான்னு ரெண்டெழுத்து எழுதுனா மையி தீந்தா போயிரும்? கவரெல்லாம் எடுத்துத்தான் வெச்சிருக்கேன். எதுக்குன்னு கேக்காதீங்க. காலிக் கவரு, எதுக்காவது ஆகும்.

அப்புறம் இந்தப் பொறுப்பு விசயம். கேட்டுக்கு வெளிய அடைச்சுக்கிட்டா நகராட்சி பொறுப்பு, கேட்டுக்கு உள்ள அடைச்சுக்கிட்டா ஊட்டுக்காரன் பொறுப்பு. சரிங்க, ஒத்துக்கறேன். ஓவர்சியரு கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். 'அவனூட்டுத் தண்ணி என்ற ஊட்டுக்கு அடியில போறப்ப அடைச்சுக்கிட்டா, அது எந்த ஊட்டுக்காரன் பொறுப்பு?'ன்னு. மனுசன் தலையச் சொறிஞ்சாரு. 'நீங்களே பேசித் தீத்துக்கங்க'ன்னாரு. பேசறவனா இருந்தா உங்களை எதுக்குங்க கேக்கறேன்?

பேச்சு வார்த்தை கெடையாதுங்க. இருவத்தியொரு வருசம். நாலு வருசத்துக்கு மின்ன ஒருக்கா அடைச்சு, என்ற பாத்ரூமுல தண்ணி ஏறி நின்னுது. செவுத்தப் பாத்துக் கத்துனேன். 'மனுசங் குடியிருக்கற ஊடா, மாட்டுக் கொட்டாயா'ன்னு கத்துனேன். அந்தப் பக்கம் பூனைக்குட்டி மூச்சு உடுல. நானே மூங்கில் பட்டைய உட்டுக் குத்திக் குத்தி எடுத்தேன். என்ன வந்துதுங்கறீங்க? மஞ்சக் கலர் பிளாஸ்டிக்கு வாத்து. அவம் பேத்தி கக்கூசுக்குள்ள நீச்சல் உட்டிருக்குது. அதா, அலமாரில உப்பு டப்பாக்குப் பக்கத்துல நிக்கிது பாருங்க. பயப்படாதீங்க, சோப்புப் போட்டு நாலு தண்ணில அலசித்தான் வெச்சிருக்கேன்.

அப்பக் கையெழுத்துப் போட்டா எனக்குத்தான நல்லதுங்கறீங்க. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. பின்சந்துல இப்பப் புது லைன் வந்துருச்சு, அவந் தண்ணி அக்கட்டயே போயிரும், எனக்கு நாத்தமில்ல, அடைப்பில்ல. என்ற பையன் ஓசூர்ல இருந்து வாராவாரம் போன் பண்றான். 'அப்பா, கையெழுத்தப் போட்டு உட்டுட்டு, ஊட்டப் பூட்டீட்டு இங்க வந்துருங்க'ங்கறான். போயிட்டாக் கொழாய யாருங்க பாத்துக்கறது? ஒரு நாளு ஊடு பூட்டிக் கெடந்து, அன்னிக்குப் பாத்து அடைச்சுக்கிச்சுன்னா? ஆறு வருசமா, எம் பொண்டாட்டி பாவாத்தா போனதுல இருந்து, நான் ஒரு ராத்திரி வெளியூர்ல தங்குனதில்லீங்க. கலியாணம் காச்சின்னாலும் மத்தியானச் சோத்துக்குப் போயிட்டுப் பொழுதோட திரும்பிருவேன். என்ற ஊட்டு அடுப்படி எனக்குச் சொந்தமில்ல. கொழாய்க்குக் காவக்காரனாட்டம் கெடக்கறேன்.

அதுவுமில்லாம, இதக் கேளுங்க, நீங்க படிச்சவங்க. ஒத்தை ஆளு நான். என்ற தண்ணி எத்தன வரும்? ரெண்டு பக்கெட்டு. அவங்கூட்டுத் தண்ணியும் சேந்து வந்தாத்தான் கொழாய் கழுவிக்கிட்டு ஓடும். அத வெட்டி உட்டுட்டா என்றது அப்படியே மண்டிப் போயி நிக்காதா? அது யாரு பொறுப்பு? இதுக்குப் பதில் சொல்லுங்க, இப்பவே போடறேன் கையெழுத்து.

சரி, இருங்க, பால் அடுப்புல இருக்குது.

கல்லு எதுக்குப் பேத்திருக்குதுன்னு கேட்டீங்கள்ல? அடைப்பு வருதான்னு பாக்கத்தான். நான் பம்ப்செட்டு மெக்கானிக்குங்க. நாப்பது வருசம். படிப்பு அஞ்சாங்கிளாஸு. ஆனா ஓடற மோட்டார்ல எந்தப் பேரிங்கு போயிருக்குதுன்னு கழட்டாமச் சொல்லுவேன். இந்தத் திருப்புளிய, ஸ்குரூ டிரைவரப் பாத்தீங்களா? இதோட முனைய மோட்டார் மேல வெச்சு, புடிய இப்படிக் காதுல வெச்சுக்கோணும். உள்ள நடக்கறது பூரா வந்து சொல்லும். கோயமுத்தூர்ல இருந்து இஞ்சினியருங்க வந்து, மிசினெல்லாம் வெச்சுப் பாத்துட்டு, கடைசியில 'நாச்சிமுத்தண்ணன் காதக் கொண்டாங்க'ம்பாங்க. எழுவது வயசாச்சு. கண்ணு ரெண்டுலயும் பொறை. காது மட்டும் அப்படியே இருக்குது. கெணத்து மேட்டுல நின்னா, உள்ள நட்டு ஒண்ணு தண்ணில உழுந்தாக் கூட எனக்குக் கேட்டுருமுங்க.

அந்தக் கல்லப் பேத்தாக் கொழாய் தெரியும். திருப்புளிய வெச்சுக் காதக் குடுத்தா, அவனூடு பூராவும் தெரியும்.

ஒட்டுக் கேக்கறதில்லீங்க! பாவாத்தாவும் இப்படித்தான் கேப்பா. 'அடுத்தவங்க குளிக்கறத உக்காந்து கேட்டுட்டு இருக்கீங்களே, வெக்கமா இல்லியா'ம்பா. அடைப்பு வருதான்னு பாக்கறேன். பாக்கறப்ப மத்ததும் காதுல உழுகுது. காதுக்கு மூடி இருக்குதா?

இப்ப அவம் மக திலகா இருக்குது. அது கலியாணத்துக்கு எங்களைக் கூப்புடுல. ஆனா அன்னைக்கு வெடியக்காத்தால நாலு மணில இருந்து கொழாய் மழைக்காலத்து வாய்க்காலாட்டம் ஓடுச்சு. ஒறம்பரைச் சொந்தக்காரங்க எத்தன பேரு குளிச்சாங்கன்னு நான் எண்ணிச் சொல்லுவேன். அப்புறம் ஒரு வருசங் கழிச்சுத் தாயூட்டுக்கு வந்துது. பொறந்த கொழந்தைக்குத் தண்ணி ஊத்தற சத்தம் தனிங்க அம்மிணி. பெரியவங்க ஊத்துனா ஒரேயடியா வரும். கொழந்தையக் கால் மேல போட்டு ஊத்தறப்ப, நின்னு நின்னு, கொஞ்சங் கொஞ்சமா, பயந்து பயந்து வரும். அந்தச் சத்தங் கேட்ட அன்னைக்கு நான் கடைக்குப் போயி அரைக்கிலோ மைசூர்பா வாங்கியாந்து பாவாத்தாளுக்குக் குடுத்தேன். 'எதுக்கு'ன்னா. 'சும்மா, தின்னு'ன்னேன். எனக்குச் சக்கரை இல்லீங்க. அவனுக்குத்தான் அந்தச் சீக்கு.

அவங் குளிக்கறதும் தெரியும். ரெண்டு சொம்பு ஊத்துவான். நிறுத்துவான். அப்புறந்தான் மூணாவது. தெனமும் அதே கணக்குத்தான். இடது கால ஊனி நிக்க முடியாது அவனால. ரெண்டு சொம்பு ஊத்தீட்டுச் செவுத்தப் புடிச்சு நின்னு, மூச்சு வாங்கீட்டு, அப்புறம் ஊத்துவான்.

கால் எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்க. கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். இவ்வளவு தூரம் வந்தாச்சு.

அப்ப நாங்க ரெண்டு பேருஞ் சேந்துதானுங்க வேலைக்குப் போவோம். அவன் கெணத்துக்குள்ள எறங்குவான், நான் மேல நிப்பேன். அன்னைக்கு ஒரு தோட்டத்துல எம்பதடிக் கெணறு. உள்ள இருந்து பைப்பத் தூக்கி மறுபடி எறக்கி மாட்டற வேலை. மேல செயின் புல்லி, அது எங்கையில. எம்பதடி ஆழத்துல கூப்புட்டாக் கேக்காது, எதிரொலி கொழப்பிரும். அதனால பைப்புல ஸ்பேனரால தட்டறதுதான் பேச்சு. கீழ இருக்கறவன் மூணு தட்டுத் தட்டுனா, மேல தூக்குன்னு அர்த்தம். மேல இருக்கறவன் அதுக்குப் பதிலா ஒரே ஒரு தட்டுத் தட்டோணும். 'கேட்டுது, தூக்கறேன்'னு. அந்த ஒரு தட்டு வந்துதுன்னாத்தான் கீழ இருக்கறவனுக்கு மூச்சு வரும். தட்டீட்டாத் தூக்கியாகோணும். அது தொழில் சத்தியம்.

அன்னைக்குக் காலைல எங்களுக்குள்ள ஒரு பேச்சு வந்துது. பாகம் பிரிக்கற பேச்சு. முன்பாதிய அவங் கேட்டான், கடை வெக்கோணும்னு. 'மூத்தவன் இருக்கறப்ப உனக்கெதுக்குடா முன்வாசல்'னு நான் சொன்னேன். 'நீங்க அண்ணனாட்டமாப் பேசறீங்க? பங்காளியாட்டம் பேசறீங்க'ன்னுட்டான். அப்படியே மொகத்தத் தூக்கி வெச்சுட்டு ரெண்டு பேரும் வேலைக்குப் போனோம். அவன் எறங்கீட்டான்.

உள்ள கிளாம்பு நழுவிப் பைப்பு எறங்கிருச்சு. எறங்கி, அவன் இடது பாதத்தப் பாறையோட சேத்து நெரிச்சுப் புடிச்சுக்கிச்சு. அவன் தட்டியிருக்கறான். எனக்குக் கேக்குலீங்க.

பக்கத்துத் தோட்டத்துல ஆயில் இஞ்சின் ஓடீட்டு இருந்துது. அந்தச் சத்தத்துல எப்படிங்க கேக்கும்? கேட்டிருந்தாத் தூக்கியிருக்க மாட்டனா? கூடப் பொறந்தவன். மூணு தட்டுத் தட்டுனான். கொஞ்ச நேரம் உட்டு மறுக்கா மூணு. அப்புறம் கணக்கே இல்லாம, வேகவேகமா, கதவத் தட்டற மாதிரி. கடைசியில மெதுவா, ஒண்ணு... ஒண்ணுன்னு...

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? கேக்குலேன்னு சொல்லீட்டு எப்படிச் சொல்றேன்னா? பொறவு அவங்க சொன்னதுங்க. ஆசுபத்திரில பேசிக்கிட்டாங்க. அதான் தெரியும்.

ஆசுபத்திரி வராண்டாவுல அவன் சம்சாரம் மயிலாத்தா எங்கிட்ட வந்து நின்னுது. கத்துல, அழுகுல. 'இனி எங்கூட்டுப் படி மிதிச்சறாதீங்க மாமா'ன்னுது. அவ்வளவுதான். அது சொன்னதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல. ஆனா உள்ள கட்டில்ல படுத்திருந்தவன் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். 'ஏ, அண்ணனை அப்படிச் சொல்லாத'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல? சொல்லுல. அவன் கூப்புட்டாப் போலாம்னுதான் நானும் இருக்கேன்.

பாலு பொங்கிருச்சு பாருங்க, பேச்சு சுவாரசியத்துல. போகட்டும், மிச்சம் இருக்கறதுல போடறேன். சக்கரை போடலாமுங்களா?

இப்ப ஏன் கையெழுத்துக் கேக்கறான்னு எனக்குத் தெரியும். அந்தக் கொழாய் ஒண்ணுதான் ரெண்டு ஊட்டுக்கும் பொதுவா மிச்சமிருக்குது. கெணத்த மூடியாச்சு. அதையும் வெட்டி உட்டுட்டா முழுசா அத்துப் போயிரும். அத என்ற கையாலயே எழுதி வாங்கோணும்னு பாக்கறான். எத்தன திமிரு பாருங்க. காலம் பூராவும் எனக்குக் கேக்குலேன்னு நான் சொன்னத அவன் நம்பவேயில்ல. நம்பாதவன் வெட்டிக்கிட்டுப் போகட்டும். ஆனா நான் போட மாட்டேன் கையெழுத்து.

டீயக் குடிங்க. ஆறிரும்.

நீங்க இங்க வாறதுக்கு மின்ன அங்க போயிட்டுத்தான வாறீங்க? சும்மாதான் கேக்கறேன். சித்திரைல இருந்து சத்தம் மாறிப் போச்சு. ரெண்டு சொம்பு, நிறுத்தம், மூணாவது சொம்பு, அது வாறதில்ல. மொதல்ல பத்து நாளு ஊடே பூட்டிக் கெடந்த மாதிரி, ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. அப்புறம் பாத்தா, ஒரு பக்கெட்டு மொத்தமா வருது. ஒருத்தருக்கு இன்னொருத்தரு ஊத்துனாத்தான் அப்படி வரும். அதுக்கப்புறம் டெட்டாலு வாசம். அடுப்படி பூராவும் டெட்டாலு. நான் சோறு தின்னா டெட்டாலு வாசத்தோடதான் தின்னேன். சக்கரைக்காரன். என்னமோ ஏதோன்னு... இல்ல, எனக்கென்ன. கொழாய்க்குள்ள மருந்துத் தண்ணி போனாத் துரு புடிக்குமான்னுதான் யோசிச்சேன்.

எப்படி இருக்கறான்?

என்னது?

எந்தக் கால எடுத்தாங்க?

இடதா.

முட்டிக்குக் கீழயா. ம். பாதத்துல புண்ணு வந்து ஏறியிருக்கும். அந்தப் பாதம் எப்பவுமே ஆறாதுங்க. ஆறவே ஆறாது. வெரலு ரெண்டு அப்பவே உணர்ச்சி இல்லாமத்தான கெடந்துது.

ஸ்டூல அக்கட்டத் தள்ளுங்க, நானும் உக்காந்துக்கறேன்.

லெட்டரா? அவன் எழுதுன லெட்டரா? மின்ன வந்தவங்க அதக் காட்டவேயில்லீங்களே. காட்டுனாங்களோ என்னவோ, நான் எங்க படிக்க உட்டேன். நீங்களே படிங்க. எனக்கு எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. சத்தமா வேண்டாம், சாதாரணமாப் படிங்க. எனக்குக் கேக்கும்.

'...எனக்குக் காலை எடுத்துவிட்டார்கள். புண் கழுவுகிற தண்ணீர் என் அண்ணன் சமையல்கட்டுக்கு அடியில் போகிறது. அண்ணி போன பிறகு அவர் அங்கேயேதான் பாய் போட்டுப் படுக்கிறார். அவர் தலைக்குக் கீழே என் சீக்குத் தண்ணீர் போவது சரியில்லை. ஆகையால் பின்சந்தில் எனக்குத் தனி இணைப்பு கொடுத்து...'

இருங்க. நிறுத்துங்க. மறுக்கா அந்த இடத்தப் படிங்க. பாய் போட்டுப் படுக்கிறதுங்கற இடத்த.

அவனுக்கு எப்படிங்க தெரியும்?

நான் அடுப்படில படுக்கறது யாருக்கும் தெரியாதுங்க. என்ற பையனுக்கே தெரியாது. ஆறுச்சாமி இந்த ஊட்டுக்குள்ள கால் வெச்சு இருவத்தியொரு வருசமாச்சு. சன்னல் கூட அவம் பக்கம் கெடையாது. எப்படித் தெரியும்?

ராத்திரில இருமுவேன். ரொம்ப இருமல் வந்தா எந்திரிச்சு உக்காந்து சொம்பக் கீழ வெப்பேன். திருப்புளிய இந்தக் கல்லு மேல வெப்பேன். அவ்வளவுதான்... ஆனா அவனும் மெக்கானிக்குத்தானுங்களே. நாந்தான் தொழில் சொல்லிக் குடுத்தேன். திருப்புளியக் காதுல எப்படி வெக்கறதுன்னு நாந்தான் காட்டிக் குடுத்தேன். கொழாய் ரெண்டு பக்கமும் பேசுமுங்க அம்மிணி. இத்தன வருசத்துல எனக்கு இது தோணவேயில்ல பாருங்க. நாந்தான் கேக்கறேன், நாந்தான் கேக்கறேன்னே இருந்துட்டேன்.

காயிதத்த இங்க வெய்யுங்க. போடறேன். போட மாட்டேன்னு சொல்லுல. ஆனா அதுக்கு மின்ன ஒரு டெஸ்ட்டு பாக்கோணும். நகராட்சி வேலைன்னா டெஸ்ட்டு இருக்கோணுமுல்ல? நீங்க ஒரு நடை அங்க போயி, பாத்ரூமுல ஒரு பக்கெட்டுத் தண்ணிய ஊத்துங்க. கொழாய் நல்லா இருக்குதான்னு நான் இங்க இருந்து பாத்துச் சொல்லீர்றேன். நான் அனுப்புனேன்னு சொல்ல வேண்டாம். சரி, கேட்டாச் சொல்லுங்க. கேக்காட்டியும்... உங்க இஷ்டம்.

*

வந்துட்டீங்களா? பாத்து, கல்லு. நானும் கீழயே உக்காந்துட்டேன்.

தண்ணி வந்துதுங்க. கொழாய் நல்லாத்தான் இருக்குது, எங்கொப்பன் போட்டது, இன்னும் அம்பது வருசம் நிக்கும். தண்ணி பூரா ஓடி நின்னுது. அதுக்கப்புறம் ஒண்ணு வந்துதுங்க. அது யாரு? நீங்களா தட்டுனீங்க?

அவனா.

எதுல தட்டுனான்? டம்ளர்லயா. கட்டிலு கொழாய்க்குப் பக்கத்துலயா கெடக்குது? கொழாயோரமாவே கட்டிலப் போடச் சொன்னானா? எப்ப இருந்து? ஓ... ஆசுபத்திரில இருந்து வந்த அன்னைல இருந்தே.

மயிலாத்தா என்ன சொல்லுச்சு? அழுதுதா?

என்ன கேட்டுட்டு வரச் சொன்னான்? மறுக்கா சொல்லுங்க. அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க.

'அண்ணனுக்குக் கேட்டுதான்னு கேட்டுட்டு வாங்க.'

தண்ணிச் சத்தம் இருந்துதுங்களே அம்மிணி, அந்தச் சத்தத்துல எப்படிங்க... இல்ல. தண்ணி நின்ன பொறவுதான் தட்டுனான். தண்ணி சுத்தமா நிக்கற வரைக்கும் இருந்து அப்புறந்தான் தட்டுனான். மெக்கானிக்கு.

மூணு தட்டு. கொஞ்ச நேரம் உட்டு, மறுக்கா மூணு.

அன்னைக்கு ஆயில் இஞ்சின் ஓடுலீங்க. டீசல் தீந்து காலைலயே நின்னு போச்சு. தோட்டத்துக்காரரு டீசல் வாங்கப் போயிருந்தாரு. கெணத்து மேட்டுல நான் ஒருத்தன்தான். அப்பத்தான் ஒரு பீடி பத்த வெச்சிருந்தேன். மூணு தட்டு கேட்டுது. 'பங்காளின்னு சொன்னல்ல, கெடடா, இந்தப் பீடி முடியற வரைக்கும் கெட'ன்னு நெனச்சேன். கால் மாட்டிக்கிச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. சாமி மேல சத்தியமாத் தெரியாது. கேட்டது தெரியும். ஒரு பீடிங்க அம்மிணி. பாதி கூடக் குடிக்கல, அதுக்குள்ள தட்டறது நின்னு போச்சு.

பாவாத்தா கிட்டக் கூட நான் இதச் சொன்னதில்ல.

அவனுக்குத் தெரியுமுங்க. எங்காதப் பத்தி அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் ஒண்ணுஞ் சொல்லாம இருந்திருக்கறான். நான் சொல்றதுக்காக.

அந்தக் காயிதம் அங்கயே இருக்கட்டும், உங்க பையில வெச்சுக்கங்க. கையெழுத்த அவன் முன்னாலயே போடறேன். தனி இணைப்புத்தான வேணும் அவனுக்கு, குடுத்துருங்க. ஆனா லைன் மாத்தறப்பப் பழைய கொழாய வெட்டி எடுத்துராதீங்க. தண்ணி போகாட்டிப் போகட்டும், அது பாட்டுக்கு மண்ணுக்குள்ள கெடக்கட்டும். இதுக்கு உங்க ரூல்ல இடம் இருக்குதான்னு எனக்குத் தெரியாது. கேட்டுக்கு உள்ளதான இருக்குது? ஊட்டுக்காரன் பொறுப்புன்னு நீங்கதான சொல்றீங்க? அந்தப் பொறுப்ப நான் எடுத்துக்கறேன்.

இந்தத் தெருவச் சுத்திப் பின்சந்துக்குப் போனா அவன் வாசலுக்கு எத்தன தூரமுங்க? மூணு நிமிசமா? மூணு நிமிசம். எனக்கு வழி மறந்து போச்சு, நீங்க மின்னால நடந்தீங்கன்னா நான் பின்னாலயே வந்துருவேன். அந்த வாத்த எடுத்து இப்படிக் குடுங்க, சட்டைப் பைக்குள்ள போட்டுக்கறேன்.

இருங்க, இருங்க, கெளம்பாதீங்க. மொதல்ல அந்த மூலைல ஸ்பேனர் இருக்குது, பெருசு, அத எடுங்க. ஒரே ஒரு தட்டுத்தான். ஆனாத் தட்டீட்டாத் தூக்கியாகோணுமுங்க அம்மிணி.

கால அக்கட்ட வெய்யுங்க. வார்ப்பிரும்பு, சத்தம் பலமா வரும்.